இடக்கைச் சரிவு

கோப்பாய்ச் சந்திக்குப் பக்கத்துப் பழைய இரும்புக்கடையில்
மினிபஸ்ஸின் வில்லுத்தகடு ஒன்று,
நடுவில் முறிந்தது,
இரண்டரைக் கிலோ நின்றது.
எதுக்கு அக்கா என்றான் தராசுக்காரப் பெடியன்.
கதவுக்கு முட்டுக்கொடுக்க என்றேன்.
பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை,
ஆனாலும் சொன்னேன்.

நான் பாசையூர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவள்.
விளை, பாரை, சீலா,
நல்ல நாளென்றால் ஒரு சுறா.
எனக்கு இடக்கை.
கடைக் கத்தியெல்லாம்
வலக்கைக்காரருக்கென்றே சரிவு வைத்தவை.
முள்ளோடு ஒட்டி இறக்கினால்
முள்ளை விட்டு விலகிச் சதைக்குள் ஓடும்.
"பாதி மீன் முள்ளோடை போகுது பிள்ளை"
என்று பையைத் திருப்பித் தந்தா
பிலோமினம்மா ரீச்சர்.
சனத்துக்கு முன்னால்.

போனில் ஒரு ரஷ்யாக்காரன்.
பேசுவது ஒரு சொல்லும் விளங்காது,
கை விளங்கியது.

லொறி றிம் ஒன்றுக்குள் களிமண் பூசி,
சிரட்டைக்கரி கொட்டி,
மச்சாள் மேர்சியின் மணப்பெண் அலங்காரக் கடையிலிருந்து
தலைமயிர் உலர்த்துகிற மெஷின்
(எரிஞ்சால் புதுசு வாங்கித் தரவேணும், சொல்லிப்போட்டன்).
அடிகல்லுக்கு முழங்கை நீளத் தண்டவாளத் துண்டு.
ஒருகாலம் எங்கள் பங்கருக்கு அது கூரை.
அதற்கு மேல் அதைப் பற்றி
எழுத ஒன்றுமில்லை. நல்ல சமதளம்.

வில்லு நிமிர மறுத்தது.
பஸ்ஸைத் தாங்கிய வளைவு அது,
சும்மா விடுமா?
மூன்று இரவு, ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில்,
தோள்மூட்டு எனக்கு வேறு ஆளின் தோள்மூட்டாய் இருந்தது.

உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டிக்
கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும்.
காந்தம் ஒட்டாமல் நழுவுகிற நேரம்தான் பதம்.
இரும்பு தான் இரும்பென்பதை
மறக்கிற சூடு.

முதலாவதைத் தண்ணீரில் தோய்த்தேன்.
டிக்.
அவ்வளவுதான் சத்தம்,
முட்டையை ஏதனத்தின் விளிம்பில் தட்டுகிறமாதிரி.
மயிரளவு கீறல், முதுகிலிருந்து வாய் வரை.
அன்றிரவு சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாவதை எண்ணெயில்.
வள்ளத்து இஞ்சினிலிருந்து இறக்கிய கறுத்த எண்ணெய்,
ஒரு வாளி.
குபீரென்று எழும்பி
இடப்பக்கப் புருவத்தைக் கொண்டுபோனது.
அரத்தை வைத்து இழுத்தேன்.
அரம் வழுக்கியது.
நான் தனியே நின்று சிரித்தேன்.

அப்போதுதான் படலையில் லைட் அடித்தது.
இந்த வீட்டில் வாள் அடிக்கினம் என்று
யாரோ சொல்லியிருக்கினம்.
கிழமைக்கு இரண்டு வாள்வெட்டுப் பேப்பரில் வருகிற ஊர்,
சொன்னவரில் பிழையில்லை.
"எங்க வாள்?" என்றார் பெரிய பொலிஸ்காரர்,
பாடமாக்கிய தமிழில்.
குறட்டோடு நீட்டினேன், கரிபிடித்தபடி.
சட்டைப்பையின் பேனையை எடுத்துப்
பக்கத்தில் வைத்து அளந்தார்.
ஒரு பேனையும் ஒரு மூடியும்.
"யார் செஞ்சது?"
நான்.
"புருஷன்?"
இல்லை.
எந்த இல்லை என்று அவர் கேட்கவில்லை.
மற்றவர் என் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
கொப்பியில் சிங்களத்தில் ஏதோ எழுதினார்கள்,
என்னவென்று இன்றுவரை தெரியாது.
இரண்டு வரிதான்.

விடிய யேசுநேசனின் பேக்கரி.
பாண் இறக்கிய போறணையின் மிச்சச் சூட்டில்
றோஸ்பாண் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம்,
அடுத்தநாளும் அப்படியே.
எடுத்தபோது வெளிறிய தேத்தண்ணி நிறம்.
"வெந்திட்டுது" என்றான், பாணைச் சொல்வதுபோல.
கூலியாக அரைக் கிலோ கணவாய் கேட்டான்.

பிடிக்கு உடைந்த துடுப்பு.
சரிவை இடப்பக்கம் மட்டும் வைத்தேன்.
அரத்தாலும் கல்லாலும் ஒன்பது நாள்.

சனிக்கிழமை, முதல் மீன் ஒரு பாரை.
செவுளுக்குப் பின்னால் வைத்து வால்வரை
ஒரே இழுவை.
முள் தனியே வந்தது,
பின்னால் பிடித்தால் கடல் தெரிகிற மாதிரி.
வழமைபோல் அதை வாசல் பக்கம் எறிந்தேன்.
சாம்பல் பூனை ஓடிவந்தது,
மணந்து பார்த்தது,
ஒருக்கால் நக்கியது,
பிறகு நிமிர்ந்து
என்னை ஒரு பார்வை பார்த்தது.